மிச்சம் அஞ்சு டயர்

என் சட்டைப் பையில் கிடக்கும் விசில் ஒரு ஓரத்தில் மட்டும் பல் பட்டுத் தேய்ந்திருக்கிறது. மதுரை மாட்டுத்தாவணிக்கும் பேரையூருக்கும் இடையே ஓடும் தனியார் பேருந்தில் நான் நடத்துநர். முன்பெல்லாம் எல்லோரையும் போல நடுவாயில் வைத்துத்தான் ஊதினேன். அதை ஓரத்துக்குத் தள்ளியது என் முகம். ஓரத்தில் வைத்தாவது ஊத வைத்தவர் எங்கள் ஓட்டுநர் அண்ணன்.

அண்ணனுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஒவ்வொரு நடை முடிந்து எஞ்சினை அணைத்ததும் ஸ்டியரிங்கைத் தட்டிக்கொடுத்து, அந்த நடையில் வேலை செய்ததையெல்லாம் வாய்விட்டுச் சொல்வார். "பிரேக்கு புடிச்சுச்சு. ஹாரன் அடிச்சுச்சு. ஏறுனவுக அம்புட்டுப் பேரும் எறங்கிட்டாக. நல்லது தாயி." "கண்டக்டரும் உசுரோட இருக்கான்ணே, சேத்துக்கங்க" என்பேன் நான். "அது வண்டி செஞ்ச பாவம்" என்பார்.

ஒரு கோடை மதியம் திருமங்கலம் தாண்டிப் பின் டயர் வெடித்தது. "எல்லாரும் குதிங்க!" என்று நான் அலறியபோது வண்டி ஓரம்கட்டி நின்று அரை நிமிடம் ஆகியிருந்தது. ஒரு பாட்டி மட்டும் என் முகத்துக்காக இரக்கப்பட்டு மெதுவாக எழுந்தாள். அண்ணன் இறங்கிப் பார்த்துவிட்டு, "மிச்சம் அஞ்சும் நின்னுச்சுல்ல மாப்ள, அதுக்குச் சொல்லிட்டு ஜாக்கிய எடு" என்றார். இப்படியொரு நன்றி தேவையா என்று அன்று முழுக்கக் கேலி செய்தேன்.

அடுத்த வருடம் ஒரு காலையில் வாய் கொப்பளித்த தண்ணீர் இடப்பக்கமாக ஒழுகியது. கண்ணாடியில் பார்த்தால் பாதி முகம் வேலைக்கு வந்திருந்தது, மறுபாதி லீவு போட்டிருந்தது. நேரே கட்டிலில் போய் மல்லாந்து, இன்சூரன்ஸ் பத்திரம் பீரோவில் எந்தத் தட்டில் இருக்கிறது என்று மனைவிக்குச் சொல்லத் தொடங்கினேன். "வாய்தான கோணியிருக்கு, பேச்சு ஒண்ணும் கொறையலையே. எந்திரிங்க, ஆஸ்பத்திரிக்குப் போவோம்" என்றாள். பக்கவாதம் இல்லை, முகநரம்பு வீங்கியிருக்கிறது, மாத்திரையும் பயிற்சியுமாக நாள் பிடிக்கும் என்றார் மருத்துவர். உயிர் பிழைத்தது. விசில்தான் பிழைக்கவில்லை. உதடு குவியாமல் காற்றெல்லாம் ஓரமாக ஓடிப்போனது. இரண்டு மாதத்தில் ஊதாவிட்டால் மாற்று ஆளே நிரந்தரம் என்றுவிட்டார் முதலாளி.

அண்ணன் என்னைத் தினமும் வண்டியில் ஏற்றி, எஞ்சினுக்குப் பக்கத்தில் உட்காரவைத்தார். நடை முடிந்ததும் ஸ்டியரிங்கைத் தட்டிவிட்டு என் பக்கம் திரும்புவார். "இன்னைக்கி எது வேலை செஞ்சுச்சு?" எரிச்சலில், "இடது காதுண்ணே, கண்ணாடிய விழுகாம புடிச்சிருக்கு" என்பேன். "நல்லது. இப்ப ஊது." மறுநாள் நாக்கு, அதற்கடுத்த நாள் ஒழுங்காக மூடும் வலது கண். கேலிக்குத்தான் தொடங்கினேன், பட்டியல் நீள நீளப் பயத்துக்கு உட்கார இடம் இல்லாமல் போனது. ஊதிக்கொண்டே இருந்தேன். புஸ், புஸ்.

கெடு முடிய நான்கு நாள் இருக்கையில், பேரையூரில் மாற்று நடத்துநர் விசில் கொடுத்தும் வண்டி நகரவில்லை. அண்ணன் திரும்பி என்னையே பார்த்தார். விசிலை வலது ஓரத்தில் செருகி, இடது உதட்டை விரலால் அழுத்திப் பிடித்து ஊதினேன். முதலில் காற்று. இரண்டாவதும் காற்று. "டீ குடிச்சிட்டு வரவா?" என்றது பின் சீட்டு. மூன்றாவதில், பாதி சத்தமும் பாதி காற்றுமாக ஒன்று வந்தது. அண்ணன் கியரைப் போட்டார்.

முகம் முக்கால்வாசி திரும்பிவிட்டது. உதட்டோரத்தில் காற்று இன்னும் கசிகிறது. அண்ணன் இப்போது ஓட்டுவதில்லை. சர்க்கரை நோய் கண்களை மங்கலாக்கிவிட்டது. போன வாரம் பேரையூர் விலக்கு நிறுத்தத்தில், கண் மருத்துவரைப் பார்க்க மதுரைக்குக் கிளம்பித் தனியாக நின்றிருந்தார். போர்டு தெரியாது. யாரிடமும் கேட்கவும் இல்லை. முன்னால் வந்த இரண்டு வண்டிகளை விட்டுவிட்டு, ஆள் இறக்க விசில் கொடுத்து வந்த எங்கள் வண்டிக்குக் கை நீட்டினார்.

கையைப் பிடித்து ஏற்றி, எஞ்சின் பக்கத்தில் என் பழைய இடத்தில் உட்காரவைத்தேன். கேலியாகவே கேட்டேன்:

"என்னாண்ணே, இன்னைக்கி எது வேலை செஞ்சுச்சு?"

"காது மாப்ள. புஸ்ஸுன்னு ஊதுற விசிலு இந்த ரோட்டுல ஒண்ணுதான இருக்கு. ஊது, போவோம்."

ஓரத்தில் செருகி ஊதினேன்.