கையேட்டிலிருந்து தூக்கச் சொன்ன பக்கம்

பெரம்பலூரில் ஒரு சிறிய மென்பொருள் நிறுவனத்தில் கையேடு எழுதிக்கொண்டிருந்தேன். ஜெயங்கொண்டத்து ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் எங்கள் மென்பொருளில் வேலை பார்க்கும் செல்வி அக்கா ஒருநாள் போன் செய்தார். அவருக்குப் பார்வை மங்கல்.

"சார், எழுத்த பெருசாக்குனா வரியோட கடைசி தெரிய மாட்டேங்குது. ரிசல்ட்ட தப்பா சொல்லிட்டேன்னு வேலைய வுட்டுப் போகச் சொல்றாங்க" என்று அழுதார்.

எங்கள் மென்பொருள் ஓடும் 'டெர்மினல்' என்ற எழுத்துத் திரையின் அகலத்தை 'காலம்ஸ்', உயரத்தை 'லைன்ஸ்' என்ற இரண்டு மாறிகளில் குறிப்பிடலாம். பெரிய எழுத்திலும் வரி திரைக்குள்ளேயே மடங்கி வரும்படி, போனிலேயே சொல்லி அந்த எண்களைக் குறைக்க வைத்தேன்.

"முழுசா தெரியுதுங்க சார்!" என்றார்.

அன்றே அதைக் கையேட்டில் சேர்த்தேன். நான் மிகவும் மதித்த மேலாளர் அதைப் படித்துச் சிரித்தார்.

"கண்ணு தெரியாதவங்களுக்கு எதுக்குய்யா கம்ப்யூட்டர் வேல? அந்தப் பக்கத்த தூக்கிடு" என்றபடி வடையைக் கடித்தார். எண்ணெய் மினுங்கிய அந்த உதட்டைப் பார்க்கப் பிடிக்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"தூக்க மாட்டேன் சார்" என்றேன். அவர் எதிரிலேயே எல்லா வாடிக்கையாளர்களுக்கும் அந்தப் பக்கத்தை அனுப்பினேன். என் வேலை போனது.

இப்போது அரியலூரில் வேறு வேலை பார்க்கிறேன். செல்வி அக்கா அதே கூடத்தில்தான் இருக்கிறார். வேலை போன வருத்தம் சீக்கிரமே ஆறிவிட்டது. அப்படிப்பட்ட மேலாளரிடம் நல்ல பெயர் வாங்க அத்தனை காலம் ஏங்கினேனே என்ற அருவருப்புதான் இன்னும் போகவில்லை.