நான்கு காரணங்களும் ஒரு கட்டமும்

தோஹாவில் ஓர் ஓட்டல் மாடியில் வெள்ளிக்கிழமைதோறும் எங்கள் தமிழ் வட்டம் கூடும். அன்றைய பேச்சாளர் எங்கள் கம்பெனியின் சேஃப்டி மேனேஜர். ராஸ் லஃபான் சைட்டில் என் மேலதிகாரி. தலைப்பு, ‘கிரேக்கர் கண்ட மாற்றமும் காரணமும்’. வாரம் முழுக்க ஹெல்மெட்டைப் பற்றி மட்டுமே பேசுகிற மனிதர் அன்று ஜிப்பாவில் வந்திருந்தார்.

குறை சொல்லக் கூடாது, நன்றாகவே பேசினார். ஒரு மேசை உண்டானதற்கு நான்கு காரணங்கள் என்றார்: எதனால் ஆனது, என்ன வடிவம், யார் செய்தது, எதற்காக. “ஒரே காரணம்னு சொல்றவன் சோம்பேறி!” என்று எதிரிலிருந்த மேசையைத் தட்டினார். மாற்றம் திடீரென்று வருவதல்ல, உள்ளே ஏற்கெனவே ஒளிந்திருக்கும் சாத்தியம் வெளியே வருவதுதான் என்றபோது எனக்கே புல்லரித்தது. பொன்னாடை போர்த்தினார்கள். கைதட்டிய முட்டாள்களில் நானும் ஒருவன்.

ஞாயிறு காலை சைட்டில் விளக்கு மாட்ட ஏறியபோது ஏணிப்படி உடைந்து, புதுக்கோட்டைப் பக்கத்து ஹெல்பர் ஒருவன் கீழே விழுந்தான். வலது மணிக்கட்டு முறிந்துவிட்டது. ரிப்போர்ட் டைப் அடிப்பது என் வேலை. அதில் ‘காரணம்’ என்று ஒரு கட்டம் உண்டு. ‘தொழிலாளியின் கவனக்குறைவு’ என்று அதில் விழுந்துவிட்டால் அவனை ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். இது ஆபீசில் டீ போடுகிறவர் வரைக்கும் தெரிந்த விஷயம்.

மேனேஜரின் கிரேக்கர்களை நம்பி நான்கையும் எழுதினேன். அரித்துப்போன அலுமினியம். கடைசிப் படியில் ஏறி நிற்க வைக்கிற குட்டை ஏணி. கீழே நின்று “ஜல்தி, ஜல்தி” என்று விரட்டிய ஃபோர்மேன். மறுநாள் பெரிய அதிகாரிகள் வருவதற்குள் விளக்கு எரிந்தாக வேண்டும் என்ற அவசரம். ஏணி உடைவது ஒரு மாதமாகவே அதற்குள் ஒளிந்திருந்தது. புதியது கேட்டு நானே கடிதம் அடித்திருக்கிறேன்.

மேனேஜர் படித்துவிட்டுச் சிரித்தார். “என்னப்பா, கதை எழுதியிருக்கே? கட்டம் ஒண்ணுதானே இருக்கு?”

“நீங்கதானே சார் வெள்ளிக்கிழமை…”

“அது இலக்கியம்பா. இது ஆபீஸ். வழக்கமாப் போடுற ஒண்ணைப் போடு, கலாஸ், முடிஞ்சுது.”

பொன்னாடையோடு தத்துவத்தையும் மடித்து அலமாரியில் வைத்துவிட்டு வந்திருக்கிறார்! மனதுக்குள் அவரைக் காறித் துப்பினேன். விரல்கள் மட்டும் அவர் கேட்ட இரண்டு சொற்களைச் சமர்த்தாக அடித்து முடித்தன.

அன்று மாலை தொழிலாளர் கேம்ப்பில் அவனிடம் கையெழுத்து வாங்கவும் என்னையே அனுப்பினார்கள். ரிப்போர்ட் ஆங்கிலத்தில் இருந்தது. கட்டிலில் உட்கார்ந்திருந்தவன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

“இதுல என்னண்ணே போட்டிருக்கு?”

“ஆஸ்பத்திரி பேப்பர்தான். போடு.”

கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, இடது கையால் தன் பெயரை ஒவ்வோர் எழுத்தாக எழுதினான். வெகுநேரம் ஆயிற்று. நான் தாள் நகராமல் பிடித்துக்கொண்டேன்.

“நம்மூர்க்காரர் ஒருத்தர் ஆபீஸ்ல இருக்கறது எவ்வளவு தைரியம்ணே” என்றான்.