தங்கையைத் தேர்வு செய்யாத அக்கா

எங்கள் அக்கா மறைந்து இந்த மாதத்தோடு ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உங்களில் பாதிப் பேர் அவரை ‘டீச்சர்’ என்று கூப்பிட்ட மாணவிகள். மீதிப் பேர் எங்கள் உறவினர்கள். எல்லோருக்கும் தெரிந்தவரைப் பற்றி நான் புதிதாக என்ன எழுத இருக்கிறது என்று தோன்றலாம். இருக்கிறது. எழுதச் சொன்னதும் அக்காதான்.

அக்கா மண்ணச்சநல்லூரில் பிறந்தார். அப்பாவுக்கு அரிசி ஆலையில் வேலை. அக்காவுக்கு எட்டு வயதானபோது குடும்பம் ஸ்ரீரங்கத்துக்கு வந்தது. நான் அதற்குப் பிறகு பிறந்தவள். எங்களுக்குள் பன்னிரண்டு வயது வித்தியாசம். பள்ளி ஹாக்கி அணியில் ஓர் ஆள் குறைந்ததால், உயரமாக இருக்கிறாள் என்ற ஒரே தகுதிக்காக அக்காவைக் கோலுக்கு முன்னால் நிறுத்தினார்கள். அதன் பிறகு அவரை அந்த இடத்தைவிட்டு யாராலும் நகர்த்த முடியவில்லை. கல்லூரிக்கும் பல்கலைக்கழகத்துக்கும் ஆடி, மூன்று ஆண்டுகள் மாநில அணிக்கும் ஆடினார். பெண்பிள்ளை அரைப்பாவாடையோடு ஓடுகிறாளே என்று அம்மாவிடம் வந்து வருத்தப்பட்டவர்கள் உண்டு. “அவதானே ஓடுறா, உங்களுக்கு ஏன் மூச்சு வாங்குது?” என்று கேட்டு அம்மா அனுப்பிவிடுவார்.

முழங்கால் பிசகி ஆட்டம் நின்றபோது அக்காவுக்கு இருபத்துநாலு வயது. அடுத்த ஆண்டே தான் படித்த பள்ளியில் பி.டி. டீச்சராகச் சேர்ந்தார். கருவேல முள் மண்டிக் கிடந்த மைதானத்தை மாணவிகளோடு சேர்ந்து தானே வெட்டித் திருத்தினார். பூக்கட்டும் வீடு, ஆட்டோ ஓட்டுகிறவர் வீடு என்று படியேறி, “சாயங்காலம் ஆறு மணிக்கு நானே கொண்டாந்து விட்டுடறேங்க” என்று சொல்லிப் பெண்களை அழைத்து வந்தார். சொன்னபடி கொண்டுபோய் விடவும் செய்தார். அவரிடம் ஆடியவர்கள் இன்று ரயில்வேயிலும் போலீஸிலும் இருக்கிறார்கள்.

நானும் அந்த அணியில்தான் ஆடினேன். வீட்டில் அக்கா, மைதானத்தில் டீச்சர். ஒரு தடவை வாய்தவறி அங்கே ‘அக்கா’ என்றதற்கு இரண்டு சுற்று ஓட வைத்தார்.

நான் பிளஸ் ஒன் படித்தபோது மாநில அணித் தேர்வு முகாமுக்கு எங்கள் பள்ளியிலிருந்து ஒருவரை அனுப்பச் சொன்னார்கள். இது மாதிரி சமயங்களில் அக்காவுக்கு ஒரு வழக்கம் உண்டு. யார் போகலாம் என்று ஒவ்வொரு பெண்ணும் துண்டுச்சீட்டில் எழுதித் தர வேண்டும். தன் பெயரை எழுதக் கூடாது. சீட்டுகளை அவர் மட்டும் படிப்பார், முடிவை அவரே எடுப்பார். அந்த முறை அவர் சொன்ன பெயர் ஜெயந்தி. எனக்கு அக்காவைப் போல மாநிலத்துக்கு ஆட வேண்டும் என்பதைத் தவிர வேறு ஆசையே கிடையாது. வீட்டுக்கு வந்ததும், “ஏன்க்கா நான் இல்ல?” என்று கேட்டேன்.

“உன் ஆட்டம் அந்த அளவுக்குப் பத்தாது பாப்பா” என்றார்.

அக்கா சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பினேன். மறுநாள் முதல் மைதானத்துக்குப் போகவில்லை. பி.காம். படித்து ஓர் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். மட்டையைத் திரும்பத் தொடவே இல்லை.

ஆனால் அந்தக் கதை மட்டும் எங்கள் குடும்பத்தில் ஓயவில்லை. கல்யாணமோ காதுகுத்தோ, பந்தியில் உட்கார்ந்ததும் எங்கள் சித்தப்பா ஆரம்பித்துவிடுவார்: “சொந்தத் தங்கச்சின்னும் பாக்கலையே, அதான் நேர்மை.” பக்கத்து இலையில் நான் தலையைக் குனிந்துகொண்டு ரசஞ்சாதம் பிசைந்துகொண்டிருப்பேன். அக்கா உடனே பேச்சை மாற்றுவார். அதைத் தன்னடக்கம் என்று சொல்லி அதற்கும் சேர்த்துப் பாராட்டினார்கள்.

அக்காவுக்குச் சிறுநீரகம் பழுதான பிறகு வாரம் இரண்டு நாள் டயாலிசிஸுக்கு நான்தான் அழைத்துப் போவேன். ஒரு நாள் படுக்கையில் இருந்தபடியே, “எனக்கு மலர் போடுவீங்கல்ல?” என்றார்.

“எதுக்குக்கா இப்ப அந்தப் பேச்சு?”

“போடுவீங்க. சித்தப்பா அந்த முகாம் கதைய எழுதச் சொல்வாரு. அப்படி எழுதாத, நடந்தத எழுது. உன் சீட்டத் தவிர எல்லாச் சீட்டுலயும் உன் பேருதான் இருந்துச்சு. ஜெயந்தி சீட்டுலயும்.”

அக்கா தொடர்ந்தார். “டீச்சரு தங்கச்சிக்காகத்தான் டீம் நடத்துறாங்கன்னு ஒரு அம்மா அதுக்கு முந்தின வருஷம் வந்து சத்தம் போட்டுட்டுப் போனாங்க. உன்ன அனுப்புனா நாலு வீட்டுல பொண்ணுங்கள நிறுத்திடுவாங்கன்னு பயந்துட்டேன். அது கூடப் பரவால்ல. ஆட்டம் பத்தாதுன்னு சொன்னேன் பாரு, அதுதான் தப்பு. அப்படிச் சொன்னாத்தான் நீ எதிர்த்துப் பேச மாட்டேன்னு தெரியும். நீ நல்லா ஆடுனடி. என்னைவிட நல்லா ஆடுன.”

எனக்குக் கோபம்தான் வந்தது. அடுத்த இரண்டு தடவையும் ஆட்டோவில் போகும்போதும் வரும்போதும் அவரோடு பேசவில்லை. மூன்றாம் தடவை என்னால் இருக்க முடியவில்லை. “எந்த மேட்ச்சுல நல்லா ஆடுனேன்?” என்று கேட்டேன்.

அக்கா சொல்லத் தொடங்கினார். துவாக்குடியில் மழைத்தூறலில் ஆடியது, ஒரு பெண்ணை மூன்று முறை ஏமாற்றிப் பந்தைக் கொண்டுபோனது, எல்லாம் அவருக்கு ஞாபகம் இருந்தது. ஆறுதலுக்குச் சொல்கிறாரோ என்று முதலில் சந்தேகப்பட்டேன். நான் சொதப்பித் தோற்ற ஆட்டத்தையும் சொல்லித் திட்டினார், அதனால் நம்பினேன். அவருடைய கடைசி இரண்டு மாதங்களும் எங்களுக்கு இப்படியே போயின. நாங்கள் இருவரும் அவ்வளவு சந்தோஷமாக அதற்கு முன்பு இருந்ததில்லை.

டயாலிசிஸ் பிரிவின் செவிலியர்களுக்கும், வாசலில் வந்து கைகொடுத்து ஏற்றிக்கொண்ட ஆட்டோக்காரர் பாஸ்கர் அண்ணனுக்கும், முறை வைத்துச் சாப்பாடு கொண்டுவந்த பழைய மாணவிகளுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. ரயில்வேயில் வேலை பார்க்கும் ஜெயந்தி கடைசி வாரம் முழுக்க லீவு போட்டுவிட்டு அக்காவின் பக்கத்திலேயே இருந்தாள். அவளுக்கு நன்றி சொன்னால் கோபித்துக்கொள்வாள், ஆனாலும் சொல்கிறேன்.

சித்தப்பாவுக்கும் மற்ற உறவினர்களுக்கும் ஒரு வேண்டுகோள். இனிமேலும் பந்தியில் அந்தக் கதையைச் சொல்லுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. தங்கை நன்றாகத்தான் ஆடினாள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.