வானத்தைச் சுட்டவர்கள்

ஃபரஜ் என் மனைவியின் தம்பி. இராக்கில் அமெரிக்கர்களோடு சண்டை போடப் போய், காலில் ஒரு குண்டோடு லிபியாவுக்குத் திரும்பியவன். வந்ததும் அரசாங்கம் பிடித்து ஐந்து வருஷம் உள்ளே வைத்தது. அதன்பின் எங்கள் வீட்டிலேயே தங்கி, எங்கள் ஊரான டெர்னாவின் சந்தையில் மீன் விற்றான். உளவுக்காரன் கண்ணில் பட்டுவிடுவோம் என்று பயந்து ஊரில் பாதிப்பேர் அவனிடம் மீன்கூட வாங்கமாட்டார்கள்.

பிப்ரவரியில் அந்த அரசாங்கத்துக்கு எதிராகப் புரட்சி வெடித்தது. ராணுவக் கிடங்கை உடைத்துத் துப்பாக்கிகளை அள்ளி வந்த பையன்களுக்கு அதை எப்படிப் பிடிப்பது என்றே தெரியவில்லை. அப்போதுதான் ஊருக்கு ஃபரஜ் ஞாபகம் வந்தது. ஊர்ப் புரட்சிக் குழுவுக்குத் தலைவரான பெரிய வக்கீலே அவனைத் தேடி எங்கள் வாசலில் வந்து நின்றார்.

கல்யாணமானாலும் சாவானாலும் வானத்தைப் பார்த்துச் சுடுவது எங்கள் வழக்கம். ஃபரஜின் முதல் பாடமே அதற்கு எதிராகத்தான்.

"மேல போனது கீழ வராதாடா? யார் தலைன்னு கேட்டுட்டா விழும்?"

முடிதிருத்துகிற நானும் அவனிடம் பாடம் கேட்டேன். பதினோரு பேரைப் போர்முனைக்குக் கூட்டிப்போனான். எட்டு மாதம் கழித்துப் பதினோரு பேரையும் உயிரோடு கொண்டுவந்து சேர்த்தான். அதில் நானும் ஒருவன்.

அக்டோபரில் வெற்றி விழா. சதுக்கத்தில் எங்களோடு நிற்க வேண்டும், அவ்வளவுதான் அவன் கேட்டது. மறுபடியும் வக்கீல் வந்தார்.

"வெளிநாட்டு கேமராக்காரங்க வர்றாங்க தம்பி. இராக் கதையைக் கிளறி நம்ம எல்லாரையும் தீவிரவாதின்னுடுவாங்க. இன்னிக்கு ஒரு நாள் வீட்டோட இருந்துக்கயேன்."

"சுடச் சொல்லிக்குடுன்னு வந்தப்போ இராக் ஞாபகம் வரலையா?"

ஃபரஜ் என் பக்கம் திரும்பினான்.

"நீங்களாவது சொல்லுங்க மச்சான்."

நான் வாயே திறக்கவில்லை. மேடையில் எனக்கு நாற்காலி போட்டிருந்தார்கள். இன்றைக்கும் என்மேல் நானே காறித் துப்பிக்கொள்கிறேன்.

பேச்சு முடிந்ததும் ஊரே வானத்தைப் பார்த்துச் சுட்டது. சாயங்காலம் வீடு திரும்பினேன். பக்கத்து வீட்டுக்குப் போயிருந்த மனைவி இன்னும் வரவில்லை. சதுக்கத்திலிருந்து இரண்டே தெரு தள்ளியிருந்த எங்கள் முற்றத்தில், தேநீர்க் குவளை பக்கத்தில் இருக்க, ஃபரஜ் சுவரில் சாய்ந்து கிடந்தான். உச்சந்தலையில் சின்ன ஓட்டை. யார் குண்டு என்று யாரும் கேட்கவில்லை.

மறுநாள் அடக்கம். வக்கீல் அவனைத் தியாகி என்று சொல்லி அழுதார். பையன்கள் துப்பாக்கியைத் தூக்கினார்கள்.

"வேணாம்டா" என்றேன்.

"மரியாதைக்குத்தான் அண்ணே" என்று சொல்லிவிட்டுச் சுட்டார்கள்.

வீட்டுக்கு வந்தேன். மனைவி வாசலிலேயே நின்றிருந்தாள்.

"சத்தம் கேட்டுச்சே. நீங்களும் சுட்டீங்களா?"

"இல்ல."

அவள் என் கைகளையே பார்த்தாள்.

"நேத்து?"