சாமிக்கண்ணு வெட்டிய பெயர்கள்

எண்பதுகளில் நெய்வேலியில் கல்யாணம் செய்துகொண்டவர்கள் வீட்டு ஆல்பத்தைப் புரட்டிப் பாருங்கள். மணமேடைக்குப் பின்னால் தெர்மாகோலில் இரண்டு பெயர்கள் மின்னும். எழுத்துகள் சாய்ந்து, வளைந்து, ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு ஓடினால் அது சாமிக்கண்ணு கைவேலை. மைன்ஸில் என்னோடு ஷிஃப்ட் பார்த்த கான்ட்ராக்ட் ஆள். ஜிகினா தூவ ஆயிரம் பேர் உண்டு. பெண் பெயரின் கடைசிச் சுழியை இழுத்துப்போய் மாப்பிள்ளை பெயரில் கோத்து, இரண்டையும் ஒரே துண்டாக வெட்ட அவர் ஒருவர்தான். பிரித்து வெட்டச் சொன்னால் கோபம் வரும். "ஜோடின்னா சேந்துதானய்யா இருக்கணும்" என்பார்.

அவர் மகள் அம்சவல்லிக்கு நெல்லிக்குப்பத்து மாப்பிள்ளை வேலுமணி அமைந்தான். அவளுக்கே பிடித்துப்போனவன். அவள் பெயரின் 'லி' சுழி நீண்டு, வேலுமணியின் 'வே' கொம்பாக வளைந்தது. அப்படி ஒரு வளைவு சாமிக்கண்ணுவுக்கே அதுவரை வாய்த்ததில்லை.

முகூர்த்தத்தன்று காலை, மாப்பிள்ளை வீட்டிலிருந்து ஓர் ஆள் மட்டும் சைக்கிளில் வந்தான். வேறு இடத்தில் கூடுதலாகச் சீர் செய்கிறார்களாம். வேலுமணி வரமாட்டானாம்.

பந்தல் போட்டால் முகூர்த்தம் தவறக்கூடாது என்பது நம் ஜனங்களின் சட்டம். பெண் மனசு எக்கேடு கெட்டால் என்ன! பெரியவர்கள் கூடி, தாய்மாமன் ராயப்பனைப் பிடித்தார்கள். நாற்பது வயது, பெண்டாட்டி செத்து வருஷம்கூடத் திரும்பவில்லை, இரண்டு பிள்ளைகள். "பர்மனென்ட்டு ஆளுங்க, குவார்ட்டர்ஸ் இருக்கு, அப்பறம் இன்னா?" என்றார்கள். சாமிக்கண்ணு வாயைத் திறப்பதற்குள் அவர் மனைவி வள்ளியம்மாள், "எந்தம்பி எம்மானத்தக் காப்பாத்திட்டான்" என்று அழுதாள். அதற்குமேல் அவர் யாரிடம் போய் என்ன பேசுவார்?

வேலுமணியின் பெயரை மட்டும் கழற்ற வழியில்லை. அவரே சுழியில் பிளேடை வைத்து உடைத்தார். மிச்சத் தெர்மாகோலை எடுத்துக்கொண்டு பந்தலுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தார். நானும் கூடப் போனேன்.

அம்சவல்லி பட்டுப்புடவையோடு அங்கே வந்தாள்.

"ஒரே ஒரு தபா வாணாம்னு சொல்லுப்பா. நீ சொன்னா நிக்கும்."

நிற்காது என்று எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். ஆனாலும் அவளுக்காக ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், பாவி மனிதர். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. கை மட்டும் ராயப்பனின் 'ப்ப'வைச் சுற்றி ஓடிக்கொண்டே இருந்தது.

"முக்காவாசி வெட்டிட்டனேம்மா" என்றார்.