ஒன்பதாம் பக்கம்

எங்கள் துறை மாணவர்கள் அவருக்கு வைத்திருந்த பெயர் ‘நாலு பெர்சென்ட்’. காதில் விழுகிற தூரத்தில் ‘மேடம்’ என்பார்கள். தள்ளிப் போனதும் ‘நாலு பெர்சென்ட் வருது, புத்தகத்தத் திற’ என்பார்கள். நூறு பேரில் நாலு பேருக்கு மனச்சோர்வு நோய் இருக்கிறது என்று கணக்கெடுத்துச் சொன்னவர் அவர்தான். அந்த நாலு அவருக்குப் பேராசிரியர் பதவி கொடுத்தது, வெளிநாட்டு மேடைகள் கொடுத்தது. பிறகு அந்த எண்ணே அவரைத் தனக்குள் தள்ளிப் பூட்டியும் விட்டது. பூட்டியதில் எனக்குப் பெரிய பங்கு உண்டு. அதனால் இதைச் சொல்ல என்னைவிடப் பொருத்தமான ஆள் கிடையாது.

நான் டாக்டரும் இல்லை, பேராசிரியரும் இல்லை. வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டி, கேள்வி கேட்டு, கட்டத்தில் டிக் அடிக்கிற களப்பணியாளர். இருபத்திரண்டு வருடமாக இதே பிழைப்பு. இத்தனை வருடத்தில் நாய்கள் என்னை நம்பியதில்லை, மனிதர்கள் நம்பினார்கள். நாய்களுக்குத்தான் புத்தி அதிகம்.

மேடம் முதலில் நோயாளிகளைப் பார்க்கிற மனநல மருத்துவராக இருந்தவர். ஜன்னல் இல்லாத அறை, ஒரு நாளைக்கு அறுபது பேர். ஒருநாள் ஒரு பெண்ணைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். பார்த்தால் தெரிந்த முகம். மேடம் தினமும் பஸ் ஏறுகிற நிறுத்தத்தில் நிற்கிறவள். ஒரு வருடமாகத் தூங்காமல், சாப்பிடாமல், யாரிடமும் பேசாமல் இருந்திருக்கிறாள். வந்தபோது செய்வதற்கு எதுவும் மிச்சம் இல்லை. இதை எங்களுக்குப் பயிற்சி கொடுத்த முதல் நாளே சொன்னார்.

“வர்றவங்கள நான் பாக்கறேன். வராதவங்கள யார் பாக்கறது? எத்தன பேர்னாவது தெரிய வேணாமா?”

அப்போது அவருக்கு முப்பத்தெட்டு வயது. பேசும்போது மேஜை விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தார். இந்தப் பொம்பளை ஏதாவது செய்துவிடுவாள் என்று எனக்கு அன்றைக்குத் தோன்றியது.

அவர் தயாரித்த படிவம் இருபத்து நாலு பக்கம். எல்லாம் மூன்றாம் பக்கத்தில் இருக்கிற ஒரே கேள்வியில் இருக்கிறது. ‘கடந்த இரண்டு வாரமாக, பெரும்பாலான நாட்கள் மனம் சோர்ந்து, எதிலும் பிடிப்பில்லாமல் இருந்ததா?’ ஆம் என்றால் எட்டாம் பக்கம் வரை ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும். தூக்கம், பசி, அழுகை, சாக வேண்டும் என்ற நினைப்பு எல்லாம் அதில் வரும். இல்லை என்றால் அவ்வளவையும் விட்டுவிட்டு நேராக ஒன்பதாம் பக்கம் போகலாம். அங்கே வீட்டில் எத்தனை அறை, குழாயில் தண்ணீர் வருகிறதா என்று லேசான கேள்விகள்தான். ‘இல்லை’க்கு இருபத்தைந்து நிமிடம். ‘ஆம்’ என்றால் ஏறக்குறைய இரண்டு மணி நேரம்.

விதிகளும் அவர் போட்டவைதான். கம்ப்யூட்டர் குலுக்கிப் போட்ட வீட்டை மாற்றக் கூடாது, ராஜா வீடானாலும் சரி, குடிசையானாலும் சரி. பேட்டி தனிமையில் நடக்க வேண்டும். கடைசிப் பக்கத்தில் ‘தனிமையில் நடந்ததா?’ என்று ஒரு கட்டம் இருக்கும். இல்லை என்று போட்டால் அந்தப் பேட்டி செல்லாது, இன்னொரு நாள், வேறு இடத்தில், முதலிலிருந்து கேட்க வேண்டும். ஒரு நாளைக்கு ஆறு வீடு என்பது மட்டும் மேலிடம் போட்டது. மேடம் அதற்குத் தலையாட்டிவிட்டார். அங்கேதான் வினை ஆரம்பித்தது.

முதல் வாரத்தில் ஒரு பள்ளிக்கூட டீச்சர் ‘ஆமாம்’ என்றார். எட்டாம் பக்கம் முடியும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். நானும் அழுதேன். அன்றைக்கு மூன்று வீடுதான் முடிந்தது. சூப்பர்வைசர் எல்லோர் முன்னாலும் கேட்டார்.

“நீ என்ன, ஊர்க்கதை கேக்கவா வந்த?”

அடுத்த மாதத்துக்குள் பழகிக்கொண்டேன். மூன்றாம் பக்கக் கேள்வியைக் கேட்கும்போதே என் ஆள்காட்டி விரல் ஒன்பதாம் பக்கத்துக்குள் நுழைந்திருக்கும். தலை லேசாக இடமும் வலமும் ஆடும். பதில் சொல்கிறவர்கள் ஒன்றும் முட்டாள்கள் இல்லை. அடுப்பில் ஏதோ கொதிக்கும், உள்ளே யாரோ இருமுவார்கள், எதிரே இருப்பவள் வெயிலில் வந்தவள், கிளம்பத் தயாராக இருக்கிறவள். ‘அதெல்லாம் ஒண்ணும் இல்லம்மா’ என்பார்கள். பாதிப் பேர் என்மேல் இரக்கப்பட்டே அப்படிச் சொன்னார்கள். புதிதாக வந்த பெண்களுக்கு விரல் வைக்கிற வித்தையைச் சொல்லிக்கொடுத்ததும் நான்தான். அதற்காக அவர்கள் எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார்கள்.

இப்படித்தான் நூற்றுக்கு நாலு வந்தது. மற்ற நாடுகளில் ஒன்பது, பன்னிரண்டு என்று வரும்போது நமக்கு மட்டும் ஏன் நாலு என்று கேட்டார்கள். மேடம் உட்கார்ந்து யோசித்து ஒரு காரணம் கண்டுபிடித்தார். நம் ஜனங்கள் குடும்பமாக வாழ்கிறார்கள், குடும்பம் வேலியாக நின்று காக்கிறது என்றார். அது புத்தகமாக வந்தது. சுகாதாரச் செயலாளருக்கு அந்தப் புத்தகம் வெல்லம் மாதிரி இனித்தது. நாற்பது மனநல மருத்துவ நிலையங்கள் திறப்பதாக இருந்தவர்கள் பதினொன்றோடு நிறுத்திக்கொண்டார்கள். ‘மீதிய குடும்பம் பாத்துக்கும்’ என்றாராம்.

பன்னிரண்டு வருடம் கழித்து இரண்டாவது சுற்று நடத்தினோம். அதிலும் நாலுதான். மற்றவர்கள் கைதட்டினார்கள். மேடம் மட்டும் தட்டவில்லை. ஒரு மத்தியானம் என்னைப் படிவங்கள் அடுக்கியிருக்கிற அறைக்குக் கூட்டிப்போனார். அலமாரியிலிருந்து ஒரு பழைய படிவத்தை எடுத்து, முதுகு கீழே இருக்கும்படி மேஜையில் நிறுத்தி, கையை விட்டார். எங்கள் விரல் நுழைந்து நுழைந்து பழகிய இடத்தில் அது தானாக விரிந்து விழுந்தது. ஒன்பதாம் பக்கம். இன்னொன்றை எடுத்தார், அதுவும் ஒன்பது. இருபது படிவம் வரை பார்த்தார். ஒரு முறைகூட நாலாம் பக்கமோ ஆறாம் பக்கமோ விரியவில்லை.

“ஏம்மா, எல்லாரும் சரியாத்தான கேக்கறீங்க?”

“ஆமா மேடம்.”

நாக்குக் கூசாமல் சொன்னேன். உண்மையைச் சொன்னால் நானும் போவேன், என்னிடம் வித்தை படித்த பதினாலு பெண்களும் போவார்கள் என்று பயம். அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு ஒவ்வொரு படிவத்தையும் வரிசை எண் பார்த்து அதே இடத்தில் திருப்பி வைத்தார்.

அதற்குப் பிறகு அவர் இயக்குநரிடம் போய், வேறு ஆட்களை வைத்துச் சோதித்துப் பார்க்கலாமா என்று கேட்டிருக்கிறார். ‘குளவிக் கூட்டுல கைய விடாதீங்க மேடம், உங்க ஸ்டூடன்ட்ஸ் அஞ்சு பேரோட பட்டமும் இந்த நம்பர்மேலதான் நிக்குது’ என்றாராம். புலிவாலைப் பிடித்த கதை. பிடித்துக்கொண்டும் இருக்க முடியாது, விடவும் முடியாது. ஒவ்வொரு கூட்டத்திலும் அவரை மேடையேற்றி நாலைச் சொல்லச் சொன்னார்கள். அவரும் சொன்னார். சொல்லச் சொல்ல ஆள் இளைத்துக்கொண்டே போனார். எனக்குப் பார்க்கவே பாவமாக இருந்தது, ஆனாலும் வாயைத் திறக்கவில்லை.

இந்த வருடம் மூன்றாவது சுற்று. பதினெட்டாம் தேதி அறிக்கையில் மேடம் கையெழுத்துப் போட வேண்டும், மாதக் கடைசியில் ஓய்வு. இருக்கிற பதினொரு நிலையங்கள் போதுமா என்று அந்தக் கையெழுத்தை வைத்துத்தான் முடிவு செய்யப்போகிறார்கள். கடைசிப் பட்டியலைக் கம்ப்யூட்டர் குலுக்கிப் போட்டபோது அதில் மேடத்தின் வீட்டு முகவரியே வந்தது. வீட்டில் பேட்டி கொடுக்க வேண்டியவரும் அவரேதான். இப்போது இருக்கிற சூப்பர்வைசர் சின்ன வயதுக்காரர், அவருக்கு வியர்த்துவிட்டது.

“பக்கத்து வீட்டப் போட்டுடலாமா அக்கா?”

“ராஜா வீடானாலும் மாத்தக் கூடாதுன்னு எழுதினதே அவங்கதான்.”

“அப்ப நீங்களே போயிட்டு வந்துடுங்க. உங்களுக்குத்தான் அனுபவம்.”

ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணிக்குப் போனேன். இத்தனை வருடத்தில் அன்றைக்குத்தான் அந்த வீட்டுக்குள் நுழைகிறேன். கணவர் ஓய்வு பெற்ற இன்ஜினியர், வெண்கலத் தொண்டை. கூடத்தில் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தார். கல்யாணமாகிப் போன மகளின் அறையில் கணவருடைய உடற்பயிற்சி சைக்கிள் நின்றது. இத்தனை புத்தகம் எழுதின மேடத்துக்கு, கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவில் ஒரு மேஜை. சுவர் இருந்தது, கதவு இல்லை.

“என்னம்மா, எங்க வீட்டம்மாவுக்குப் பைத்தியமான்னு பாக்க வந்தியா?” என்று சிரித்தார் அவர். “எழுதிக்கோ, நூத்துக்கு நூறு நார்மல்!”

மேடமும் சிரித்தார். படிவத்தை விரித்தேன். பெயர், வயது, படிப்பு முடிந்தது. மூன்றாம் பக்கத்துக்கு வந்தேன்.

“கடந்த ரெண்டு வாரமா, பெரும்பாலான நாள் மனசு சோர்ந்து, எதுலயும்…”

“இல்ல.”

நான் முடிக்கவே இல்லை. என் விரல் எப்போது ஒன்பதாம் பக்கத்துக்குப் போனது என்று எனக்கே தெரியாது. மேடம் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் பக்கத்தைப் புரட்டினேன். எத்தனை அறை, குழாயில் தண்ணீர் வருகிறதா. எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். பதினைந்தாம் பக்கத்தில் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

“அந்த விரல் எப்பவும் அங்கதான் இருக்குமா?”

பொய் சொல்ல இந்த முறை வாய் வரவில்லை.

“முதல் மாசத்துலேருந்து மேடம். எல்லாருக்கும் நான்தான் சொல்லிக்குடுத்தேன்.”

“தெரியும்” என்றார். “அந்த மத்தியானமே தெரியும். நீ சொல்லியிருந்தா அன்னைக்கே வெளிய வந்திருப்பேன். நீ சொல்லலன்னு நானும் சொல்லல. ரெண்டு பேரும் நல்லா ஒளிஞ்சோம் போ.”

என் கண் கலங்கிவிட்டது. “மூணாம் பக்கத்துக்குத் திரும்பப் போகட்டுமா மேடம்?”

அவர் வாயைத் திறந்தார். கூடத்திலிருந்து குரல் வந்தது. “என்ன, முடிஞ்சுதா?”

“முடிஞ்சுது, முடிஞ்சுது” என்றார் மேடம். பிறகு என்னிடம், “உனக்கு இன்னும் எத்தன வீடு?”

“நாலு.”

“அப்ப கெளம்பு. நேரமாகுது பாரு.”

இருபத்திரண்டு வருடமாக எல்லா வீட்டிலும் எனக்குக் கிடைத்த அதே இரக்கம்தான் அது. வேலி என்று புத்தகம் எழுதினவர் வேலிக்குள் உட்கார்ந்துகொண்டு என்னைக் கிளம்பச் சொல்கிறார். எனக்கு என்மேலேயே ஆத்திரம் வந்தது.

மிச்சப் பக்கங்களை முடித்துக் கடைசிக் கட்டத்துக்கு வந்தேன். ‘பேட்டி தனிமையில் நடந்ததா?’ அதை நான் யாரிடமும் கேட்டதே கிடையாது. புருஷன் பக்கத்தில், மாமியார் மடியில் என்று எப்படி நடந்தாலும் பஸ்ஸில் உட்கார்ந்து எல்லாவற்றுக்கும் ‘ஆம்’ போட்டுவிடுவேன். டிவியில் யாரோ கோல் போட்டார்கள், கணவர் சத்தம் போட்டார்.

“ஆமான்னு போடு” என்றார் மேடம்.

நான் ‘இல்லை’ என்று போட்டேன். பேனாவை அழுத்திப் போட்டதில் தாள் கிழியப் பார்த்தது. படிவத்தை அவர் பக்கம் திருப்பிக் காட்டினேன். அந்தக் கட்டத்தின்மேல் விரலை வைத்துப் பார்த்தார்.

“அப்ப இது செல்லாது” என்றார்.

“செல்லாது மேடம். நீங்க போட்ட ரூல்தான். வேற நாள், வேற இடம், முதல்லேருந்து.”

“ஆபீஸ்ல என் ரூமுக்குக் கதவு இருக்கு. பதினெட்டாம் தேதிக்கு முன்னாடி வா. நான் கையெழுத்துப் போடறதுக்குள்ள.”

“புதன்கெழம வரேன்.”

எழுந்தேன். செருப்பைப் போடும்போது பின்னாலேயே வந்து நின்றார். முப்பத்தெட்டு வயதில் மேஜை விளிம்பைப் பிடித்திருந்த அதே கை, இப்போது நிலைச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது.

“அன்னைக்கு உனக்கு எத்தன வீடு போட்டிருக்காங்க?”

“ஆறு” என்றேன். “ஆனா நான் ஒண்ணுதான் மேடம் பாக்கப் போறேன்.”