பின் அச்சு மட்டும்

மாத்தளையிலிருந்து எல்கடுவ பக்கமாக ஏறும் தோட்டப் பாதையில் பல வருடங்களாக ஜீப் ஓட்டுகிறேன். பஸ் திரும்பும் இடத்துக்கு மேலே, தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயங்களுக்கு அரிசி, சிமெந்து, கல்யாணச் சாமான், சில வேளை நோயாளியும்கூட என் ஜீப்பில்தான் போகும். அங்கே எனக்குப் போட்டி இருந்ததில்லை, என் தங்கச்சி வரும்வரை.

அவள் புருஷன் கட்டாருக்குப் போனபோது, சும்மா நிற்கிற அவன் ஜீப்பை விற்றுவிடச் சொன்னேன். அவள் விற்கவில்லை. லைசன் எடுத்து, தானே வாடகைக்கு ஹயர் ஓட்டத் தொடங்கினாள். அவளுடையதும் என்னுடையதும் ஒரே மாடல் ஜீப். நிறம் மட்டும்தான் வேறு. ஆனால் தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்கு மேலே உள்ள வளைவில் நான் பாதி ஆட்களை இறக்கிவிட்டுத்தான் ஏறுவேன். அவள் முழு லோடோடு பாட்டுக் கேட்டுக்கொண்டே ஏறிப் போவாள்.

நான் எத்தனையோ விசேஷத்துக்கு ஓடிய ஒரு வீட்டில், மகள் கல்யாணத்துக்கு அவளைக் கூப்பிட்டார்கள். "கோவிச்சுக்காதீங்க தம்பி. அந்தப் புள்ள ஜீப்புல ஏறுனா நடுவுல எறங்க வேண்டியதில்ல" என்றார் மணப்பெண்ணின் அம்மா. நான் சிரித்தேன். வீட்டுக்கு வந்தால் சோறு இறங்கவில்லை. தங்கச்சிக்கு இதொன்றும் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை வந்து, பிரேக்கைப் பார்த்துத் தரச் சொல்வாள். பார்த்துக் கொடுப்பேன். அவள் சாதாரணமாக இருப்பதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

எங்கள் வண்டிகளைத் திருத்தும் கராஜ் பாஸ் ஒருநாள் காரணத்தைச் சொன்னார். அவள் வண்டியின் இரண்டு அச்சிலும் பல்சக்கரங்களின் கணக்கு என் வண்டியில் உள்ளதைவிட வேறாம். சக்கரம் ஒரு சுற்றுச் சுற்ற, எஞ்சின் பக்கமிருந்து அச்சுக்கு வரும் தண்டு கூடுதலாகச் சுற்றும். அதனால்தான் அந்த இழுவை. ஜீப் வரும்போதே அப்படி வந்திருக்கிறது. அவள் திறமையாக இருந்தாலாவது பரவாயில்லை என்று நினைத்தேன். வெறும் அதிர்ஷ்டம் என்றதும் வயிறு இன்னும் எரிந்தது.

நாவுலயில் அவளுடையதன் கணக்கே உள்ள ஜீப் ஒன்றை உடைத்து விற்பதாகக் கேள்விப்பட்டேன். போய்ப் பார்த்தால் முன் அச்சு ஏற்கெனவே விற்றுப் போய்விட்டது. பின் அச்சை மட்டும் வாங்கி வந்து பூட்டினேன். முன்னுக்கும் அதே கணக்கில் கிடைக்கும்வரை, நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கும் போர்வீல் போட வேண்டாம் என்று பாஸ் எச்சரித்தார். பின் சக்கரம் மட்டும் இழுத்தபோதே நல்ல முன்னேற்றம் தெரிந்தது. வேகம் காட்டும் முள்கூட உண்மைக்கு மேலே நின்றது. அதைப் பார்த்தும் சந்தோஷப்பட்டேன்.

மழை பெய்து ஓய்ந்த ஒரு காலையில் கூரைத் தகரம் ஏற்றிக்கொண்டு போனேன். அந்த வளைவுச் சேற்றில் பின் சக்கரம் வழுக்கியது. கண்ணாடியில் பார்த்தால் பின்னால் தங்கச்சியின் ஜீப். மேலே கொழுந்து பறிக்கிற பெண்கள் கை ஓய்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒதுங்கி அவளுக்கு வழிவிட மனம் வரவில்லை. போர்வீல் லீவரை இழுத்தேன்.

சேற்றில் ஏறிவிட்டது. சக்கரம் வழுக்கியதால் வித்தியாசம் தெரியவில்லை. அதைத் தாண்டிக் கொங்கிரீட் போட்ட இடத்துக்கு வந்ததும் ஸ்டியரிங் கல்லாகிவிட்டது. முன் சக்கரம் வேகமாக ஓடப் பார்க்க, பின் சக்கரம் பிடித்து இழுத்தது. லீவரைத் திரும்பத் தள்ளப் பார்த்தேன், அசையவில்லை. அடியில் படீரென்று ஒரு சத்தம். முன் தண்டின் மூட்டு உடைந்து தொங்கியது.

தகரங்களைத் தங்கச்சி தன் ஜீப்பில் ஏற்றிப் போய்ச் சேர்த்துவிட்டுத் திரும்பினாள். என் வண்டியைக் கயிறு கட்டிக் கீழே இறக்கினாள். வழியெல்லாம் ஆட்கள் பார்த்தார்கள்.

வீட்டு வாசலில் ஜாக்கியில் தூக்கினோம். பின் சக்கரங்களை ஆளுக்கொரு பக்கம் பிடித்து, ஒன்றாக ஒரு சுற்றுச் சுற்றினோம். சோக்கட்டியால் குறி போட்ட தண்டு ஐந்து சுற்றுக்குக் கொஞ்சம் குறையச் சுற்றியது. முன்னுக்கு அது நாலுக்குச் சற்று மேல்தான். அவள் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"இதோட சோடி முன் அச்சு என்கிட்டதான் இருக்கு அண்ணே."

நான் சோக்கட்டியைக் கீழே வைத்தேன்.

"நாவுலயில ஒங்க ஜீப்புக்குத்தான் வாங்கி வெச்சேன். பின்னத அன்னைக்கு கழட்டியிருக்கல. மறுபடி போனா, யாரோ எடுத்துட்டுப் போயிட்டாங்கன்னாங்க. சோடியா சேர்ந்ததும் சொல்லலாம்னு இருந்தேன்."

நன்றி சொல்லியிருக்க வேண்டும். மண்ணெண்ணெய்ப் போத்தலை எடுத்து வா என்று மட்டும்தான் என் வாயிலிருந்து வந்தது. அவளுக்காக எனக்குத் தோன்றாத ஒன்று எனக்காக அவளுக்குத் தோன்றியிருக்கிறதே என்ற பொறாமை, ஜீப்பைப் பார்த்து வந்த பொறாமையைவிடப் பெரிதாக இருந்தது.

அந்த முன் அச்சையும் பூட்டினோம். இப்போது முழு லோடோடு ஏறுகிறேன். கைவிட்டுப் போன ஹயர்களில் பாதி திரும்பி வந்துவிட்டது. போன வாரம் தங்கச்சி ஒரு செய்தியோடு வந்தாள். புருஷன் திரும்பி வரப் போகிறானாம், இரண்டாவதாக ஒரு வண்டி எடுக்கப் போகிறார்களாம். வாங்குமுன் அடியில் படுத்துப் பார்த்துச் சொல்ல நான் வர வேண்டுமாம். வருகிறேன் என்றேன். அவள் போன பிறகு, எந்த மாடல் என்று கேட்காமல் விட்டோமே என்று வெகுநேரம் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.